லினக்ஸ் கர்னலின் ஏசிங்க் மெம்காப்பி: லோடுமேனை எப்போது கூப்பிடலாம்?

கோயம்பேட்டில் ஒரு கட்டு முருங்கைக்கீரையைத் தூக்க யாரும் லோடுமேனைக் கூப்பிட மாட்டார்கள். அவரைத் தேடிப் பிடித்து, கூலி பேசி, இடம் காட்டி முடிப்பதற்குள் கீரை வீட்டுக்கே போய்ச் சேர்ந்துவிடும். லாரியில் இருபது மூட்டை வெங்காயம் வந்து நிற்கும்போது கதை வேறு. கடைக்காரரே முதுகு கொடுத்தால் கல்லாவில் உட்கார ஆளிருக்காது. இயங்குதளத்தின் மையப் பகுதியான லினக்ஸ் கர்னல் தரும் ஏசிங்க் மெம்காப்பி சேவையை எடைபோட இந்தக் கணக்கே போதும். நினைவகத்தில் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு டேட்டாவை நகர்த்தும் வேலையை சிபியூ செய்யாமல், டிஎம்ஏ எஞ்சின் என்ற தனி வன்பொருளிடம் ஒப்படைத்துவிட்டு, முடிந்ததும் சேதி வாங்கிக்கொள்வது. விலை ஒன்றுமில்லை, கர்னலோடே வருகிறது. கூலிதான் உண்டு.

(பலர் "அசிங்க்" என்றே எழுதுகிறார்கள். அடுத்து "மான கோட்" என்று வந்துவிடுமோ என்ற பயத்தில் இங்கே "ஏசிங்க்". ஃபங்ஷன் பெயர்களையும் தமிழ் எழுத்திலேயே தந்திருக்கிறோம். கோடில் தேடும்போது இடைவெளி இருக்குமிடத்தில் அடிக்கோடு போட்டுக்கொள்ளுங்கள்.)

இந்தச் சேவைக்குக் கர்னலில் மூன்று வாசல்கள். வன்பொருளை ஓட்டும் மென்பொருளான டிரைவர் எழுதுபவர்களுக்கு டிஎம்ஏஎஞ்சின். பல டிஸ்க்குகளைச் சேர்த்து ஒன்றாக ஓட்டும் ரெய்டு 5, 6 கோடு பின்னால் நின்று பயன்படுத்துவது ஏசிங்க் டிஎக்ஸ். புதிய ஜியான் சர்வர்களில் சாதாரண புரோகிராமே நேரடியாகக் கூப்பிடக்கூடிய இன்டெல் டிஎஸ்ஏ. கிண்டியிலும் அம்பத்தூரிலும் எம்பெடட் பெட்டி செய்பவர்களுக்கு முதல் வாசல்தான் அன்றாடம் படும். அதனால் அதைத்தான் இங்கே அதிகம் குடைகிறோம்.

வேகம் கூடும் என்ற நம்பிக்கை

இந்தச் சேவையைத் தேடி வருபவர்களில் பெரும்பாலோர் "காப்பி வேகமாகும்" என்று நினைத்து வருகிறார்கள். பெரும்பாலும் ஆகாது. பீகிள்போன் பிளாக் போர்டை எடுத்துக்கொள்வோம். அதிலுள்ள 512 எம்பி டிடிஆர்3எல் நினைவகம் 16 பிட் அகலம், 400 மெகாஹெர்ட்ஸ் கடிகாரம். ஒரு கடிகாரத் துடிப்புக்கு இரண்டு முறை டேட்டா போகும் என்பதால் உச்சபட்சம் நொடிக்கு 1.6 ஜிபி. காப்பி என்றால் ஒருமுறை படிக்க வேண்டும், ஒருமுறை எழுத வேண்டும். ஆக, யார் காப்பி செய்தாலும் காகிதக் கணக்கிலேயே 800 எம்பிக்கு மேல் போக வழியில்லை. சிபியூவும் டிஎம்ஏவும் ஒரே தெருவில்தான் வண்டி ஓட்டுகின்றன. மவுண்ட் ரோட்டில் நெரிசல் என்றால் ஓட்டுநரை மாற்றி என்ன பயன்?

கிடைப்பது சிபியூ நேரம். அந்த நேரத்தில் செய்ய வேறு வேலை இருந்தால் மட்டுமே லாபம். 640க்கு 480 அளவில் யூயூவைவி ஃபிரேம் அனுப்பும் ஒரு இன்ஸ்பெக்‌ஷன் கேமராவை வைத்துக் கணக்குப் போடலாம். ஒரு ஃபிரேம் 6,14,400 பைட். சிபியூ நொடிக்கு 250 எம்பி வேகத்தில் காப்பி செய்கிறது என்று வைத்துக்கொண்டால் ஒரு ஃபிரேமுக்கு ஏறத்தாழ 2.5 மில்லி செகண்ட். நொடிக்கு 30 ஃபிரேம் என்றால் 74 மில்லி செகண்ட். ஒற்றை கோர் உள்ள சில்லில் அது ஏழு சதவீதத்துக்குச் சற்று அதிகம். ஆகக் கூடி மிச்சப்படுத்தக்கூடியது இவ்வளவுதான், அதுவும் முழுதாகக் கைக்கு வராது. ஏன் வராது என்பதற்குக் கீழே, சிபியூவுக்குப் பக்கத்திலேயே இருக்கும் சிறு அதிவேக நினைவகமான கேஷின் கதை இருக்கிறது.

சின்ன காப்பிகளில் நஷ்டமே வரும். டேட்டா கிடக்கும் பஃபரை டிஎம்ஏவுக்குத் திறந்துவிடும் மேப் செய்ய, வேலைச் சீட்டான டிஸ்கிரிப்டர் தயாரிக்க, முடிந்தது என்று வன்பொருள் அடிக்கும் மணியான இன்டரப்ட் வாங்க, அதன்பின் நாம் கொடுத்த ஃபங்ஷனான கால்பேக் ஓட எல்லாம் சேர்த்து 20 மைக்ரோ செகண்ட் ஆகிறது என்று வைப்போம். அதே 250 எம்பி வேகத்தில் 4096 பைட்டை சிபியூ 16 மைக்ரோ செகண்டில் முடித்துவிடும். 64 கேபி என்றால் சிபியூவுக்கு 262 மைக்ரோ செகண்ட், அங்கே லோடுமேனுக்கு வேலை இருக்கிறது. உங்கள் போர்டில் இந்த எண்கள் மாறும். எல்லைக்கோடு எங்கே விழுகிறது என்பதை அளக்காமல் ஒரு வரி கோடும் எழுத வேண்டாம்.

அளக்க கர்னலிலேயே டிஎம்ஏடெஸ்ட் என்ற மாட்யூல் இருக்கிறது. இந்த மொத்தத் தொகுப்பில் குறை சொல்ல முடியாத பகுதி இதுதான். கர்னலைக் கம்பைல் செய்யும்போது கான்ஃபிக் டிஎம்ஏடெஸ்ட்டை மாட்யூலாக வைத்து, மாட்ப்ரோப் கட்டளையால் ஏற்றி, சிஸ் கோப்பகத்தில் மாட்யூல், டிஎம்ஏடெஸ்ட், பாராமீட்டர்ஸ் என்று உள்ளே போனால் எல்லாம் ஒவ்வொரு ஃபைலாகக் கிடக்கும். டைம்அவுட்டில் 2000, இட்டரேஷன்ஸில் 1000 எழுதுங்கள். டெஸ்ட் பஃப் சைஸ் இயல்பாக 16384 பைட், வேண்டுமானால் அதையும் மாற்றுங்கள். டிஎம்ஏ எஞ்சினின் ஒரு வேலைப் பாதையான சேனலின் பெயரை, உதாரணமாக டிஎம்ஏ0சேன்0 என்பதை, கடைசியில்தான் எழுத வேண்டும். 5.0 கர்னலிலிருந்து சேனலை எழுதும் அந்தக் கணத்தில்தான் மற்ற அளவுருக்கள் எடுத்துக்கொள்ளப்படுகின்றன. முதலில் சேனலை எழுதிவிட்டுப் பிறகு அளவை மாற்றி, "எண்ணே மாறவில்லையே" என்று தலையைச் சொறிபவர்கள் நிறைய. எல்லாம் எழுதிய பின் ரன் ஃபைலில் 1. முடிவு கர்னலின் செய்திப் பதிவான டிமெசெக்கில் வரும்: எத்தனை டெஸ்ட், எத்தனை தோல்வி, நொடிக்கு எத்தனை கேபி. இட்டரேஷன்ஸை 0 என்று விட்டுவிட்டால் நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும், அதையும் நினைவில் வையுங்கள்.

அது தரும் வேகத்தை அப்படியே நம்பிவிடவும் கூடாது. பஃபரை நிரப்பவும் சரிபார்க்கவும் ஆகும் நேரத்தை டிஎம்ஏடெஸ்ட் கழித்துவிட்டுத்தான் காட்டுகிறது. இயல்பில் ஒவ்வொரு முறையும் அளவையும் இடத்தையும் தற்செயலாக மாற்றவும் செய்யும். ஒரே அளவுக்கு எண் வேண்டுமென்றால் டிரான்ஸ்ஃபர் சைஸைக் குறிப்பிடுங்கள்.

டிஎம்ஏஎஞ்சின்: எட்டு படி, எட்டிலும் வழுக்கும்

முதல் படி, சேனல் வாங்குவது. எந்தத் திறன் வேண்டும் என்று குறிக்கும் மாஸ்க்கை டிஎம்ஏ கேப் ஜீரோவால் துடைத்து, டிஎம்ஏ கேப் செட்டில் டிஎம்ஏ மெம்காப்பி என்று குறித்து, டிஎம்ஏ ரிக்வெஸ்ட் சேன் பை மாஸ்க்கைக் கூப்பிட வேண்டும். இது தோற்றால் வெற்று பாயின்டரான நல் தராது, பிழை எண்ணைச் சுமக்கும் எர்ரர் பாயின்டர் தரும். பழைய டிஎம்ஏ ரிக்வெஸ்ட் சேனல் நல் தந்த பழக்கத்தில், நல் தானா என்று மட்டும் பார்த்துவிட்டு மேலே போனால் அடுத்த வரியிலேயே கர்னல் ஊப்ஸ், அதாவது கர்னலே தடுக்கி விழும். டிஎம்ஏ டிரைவர் இன்னும் ஏறாத நேரத்தில் ப்ரோப் டிஃபர் என்ற பதிலும் வரும். அதைப் பிழையாக எண்ணி முடித்துக்கொள்ளாமல், உங்கள் டிரைவரின் தொடக்க ஃபங்ஷனான ப்ரோபிலிருந்து அப்படியே திருப்பி அனுப்பினால் கர்னல் பிறகு மறுபடி கூப்பிடும்.

பீகிள்போனில் சேனலே கிடைக்கவில்லை என்றால் போர்டின் வன்பொருள் பட்டியலான டிவைஸ் ட்ரீயைப் பாருங்கள். அதிலுள்ள ஏஎம்335எக்ஸ் சில்லின் டிஎம்ஏ எஞ்சினான ஈடிஎம்ஏவில் 64 சேனல்கள் இருந்தாலும், நினைவகத்திலிருந்து நினைவகத்துக்கு என்று ஒதுக்கியவை மட்டும்தான் மெம்காப்பிக்குக் கிடைக்கும். மெயின்லைன் ட்ரீயில் அந்த ஈடிஎம்ஏ மெம்காப்பி சேனல்ஸ் வரியில் 20, 21 என்று இரண்டு எண்கள் இருக்கும். ட்ரீயைத் திருத்தும்போது ஒருவர் அந்த வரியை அழித்துவிட்டால், மற்ற டிஎம்ஏ எல்லாம் ஓடும், மெம்காப்பி மட்டும் ஓடாது.

இரண்டாவது, மேப்பிங். வழக்கமாகத் தவறும் இடம் இதுதான். மூலப் பஃபருக்கு டிஎம்ஏ டு டிவைஸ், இலக்குக்கு டிஎம்ஏ ஃப்ரம் டிவைஸ் என்று சொல்லி டிஎம்ஏ மேப் சிங்கிள் கூப்பிட வேண்டும். அதில் கொடுக்கும் டிவைஸ், உங்கள் டிரைவரின் டிவைஸ் அல்ல. சேனலின் டிவைஸ்: சேன், அதற்குள் டிவைஸ், அதற்குள் டெவ். தவறான டிவைஸைக் கொடுத்தாலும் பீகிள்போனில் ஓடிவிடும், அங்கே டிஎம்ஏவின் முகவரிகளை மாற்றிக்கொடுக்கும் ஐஓஎம்எம்யூ இல்லை, முகவரியும் மாறுவதில்லை. அதே கோடை ராஸ்பெர்ரி பை 3க்குக் கொண்டுபோனால் உடையும். அங்கே டிஎம்ஏ காணும் பஸ் முகவரியும் சிபியூ காணும் முகவரியும் வேறு வேறு. டேட்டா எங்கோ போய் விழும். மேப் முடிந்ததும் டிஎம்ஏ மேப்பிங் எர்ரரைச் சோதிக்காமல் விடுவதும் இந்த ஊரில் சகஜம். கான்ஃபிக் டிஎம்ஏ ஏபிஐ டீபக்கைப் போட்டு ஒருநாள் ஓட்டிப் பாருங்கள், மேப் பிழையைச் சோதிக்கவில்லை என்று டிமெசெக்கில் முகத்திலடித்தாற்போல் சொல்லும்.

பஃபர் எங்கிருந்து வருகிறது என்பதும் முக்கியம். தொடர்ச்சியான நினைவகம் தரும் கேமல்லாக் சரி. ஃபங்ஷனின் தற்காலிக இடமான ஸ்டேக்கில் இருக்கும் அரே கூடவே கூடாது, துண்டுதுண்டாகக் கிடப்பதை ஒட்டித் தரும் விமல்லாக் நினைவகமும் கூடாது. ஸ்டேக்கையும் அப்படி ஒட்டித் தரும் வசதி 4.9 கர்னலில் வந்தபின் எக்ஸ்86இல் ஸ்டேக் பஃபர் கோடு பல டிரைவர்களில் வெடித்ததற்குக் காரணம் இதுதான்.

இதோடு கேஷ். பீகிள்போனின் கார்ட்டெக்ஸ் ஏ8இல் டிஎம்ஏவுக்கு சிபியூவின் கேஷ் தெரியாது. அதனால் மேப் செய்யும்போது கர்னல் மூலத்தின் ஒவ்வொரு கேஷ் வரியையும் நினைவகத்துக்குத் தள்ள வேண்டும், இலக்கின் வரிகளைச் செல்லாதவையாக்க வேண்டும். ஒரு வரி 64 பைட். மேலே சொன்ன கேமரா ஃபிரேமுக்கு மூலத்தில் 9,600 வரி, இலக்கில் 9,600 வரி. லோடுமேன் வருவதற்கு முன் வழியைப் பெருக்கி வைப்பது கடைக்காரர்தான். மிச்சப்பட்ட ஏழு சதவீதத்தில் ஒரு பங்கு இங்கே போகிறது. இன்னொரு பங்கு, காப்பி முடிந்தபின் சிபியூ அந்த டேட்டாவைப் படிக்கும்போது போகிறது. சிபியூவே காப்பி செய்திருந்தால் கடைசிப் பகுதியாவது கேஷில் சூடாக இருக்கும். டிஎம்ஏ செய்ததால் எல்லாமே ஆறிப்போய் நினைவகத்தில் கிடக்கும். காப்பி செய்தவுடன் சிபியூவே அதை அலசப் போகிறது என்றால் இந்தச் சேவை வேண்டாம். நெட்வொர்க் கார்டுக்கோ டிஸ்ப்ளேவுக்கோ போகிற டேட்டா என்றால் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம்.

கேஷ் வரியைப் பங்குபோடுவதால் வரும் பிழை இன்னும் கொடியது. ஒரே ஸ்ட்ரக்டுக்குள் 40 பைட் பஃபரும் அதையொட்டி ஒரு கவுன்டரும் இருந்தால் இரண்டும் ஒரே 64 பைட் வரியில் உட்காரும். டிஎம்ஏ ஓடும்போது கவுன்டரைக் கூட்டினால், அன்மேப் நேரத்தில் அந்த வரி செல்லாததாக்கப்பட்டு, கூட்டியது காணாமல் போகும். சிலசமயம் மட்டும் நடக்கும், பிரின்ட் போட்டால் நடக்காது. பஃபரைத் தனியாகக் கேமல்லாக் செய்தால் இந்தத் தலைவலியே இல்லை. டிஎம்ஏ அல்லாக் கோஹரென்டில் வாங்கினால் மேப் செலவும் இல்லை. ஆனால் இந்தச் சில்லில் அது கேஷ் இல்லாத நினைவகம், சிபியூ அதைத் தொட்டால் மாட்டு வண்டி வேகம்தான்.

மூன்றாவது படி டிஎம்ஏஎஞ்சின் ப்ரெப் டிஎம்ஏ மெம்காப்பி. சேனல், இலக்கு, மூலம், நீளம், ஃபிளாக். இலக்கு முன்னால், மூலம் பின்னால் என்பதை மறக்க வேண்டாம். கால்பேக் வேண்டுமென்றால் டிஎம்ஏ ப்ரெப் இன்டரப்ட், டிஸ்கிரிப்டரைத் திரும்பத் தொடப்போவதில்லை என்றால் டிஎம்ஏ கன்ட்ரோல் ஆக். நல் வந்தால் டிரைவரிடம் டிஸ்கிரிப்டர் தீர்ந்திருக்கலாம், அல்லது நீளம் அதற்கு ஒத்துவராமல் இருக்கலாம். ஈடிஎம்ஏவில் 64 கேபிக்குக் குறைவான காப்பி ஒரே பேரம் (பாராமீட்டர் ரேம்) ஸ்லாட்டில் முடியும். அதைத் தாண்டினால் 32,767 பைட் துண்டுகளாக வெட்டி, மிச்சத்துக்கு இன்னொரு ஸ்லாட். அதென்ன 32,767 என்றால், துண்டுக்குத் துண்டு தாவும் தூரத்தை வைக்கும் இடம் குறியுடைய 16 பிட். நம் ஃபிரேமுக்கு 18 துண்டு, மிச்சம் 24,594 பைட்.

நான்காவது, டிஸ்கிரிப்டரில் கால்பேக்கையும் அதன் பாராமீட்டரையும் வைப்பது. ஐந்தாவது டிஎம்ஏஎஞ்சின் சப்மிட், ஒரு குக்கீ எண் கிடைக்கும். இங்கேதான் புதியவர்கள் எல்லோரும் ஒருமுறையாவது விழுகிறார்கள். செல்ஃப் சர்வீஸ் ஓட்டலில் கேஷியரிடம் பில் போட்டு டோக்கனைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மேசையில் உட்கார்ந்தால் தோசை வராது. டோக்கனைக் கல்லுக்கு முன்னால் நீட்ட வேண்டும். சப்மிட் என்பது பில், ஆறாவது படியான டிஎம்ஏ ஏசிங்க் இஷ்யூ பெண்டிங்தான் நீட்டுவது. அது இல்லாமல் வன்பொருள் அசையாது. டைம்அவுட் ஆகும்போது மக்கள் கிளாக்கையும் பவரையும் சந்தேகிப்பார்கள், இந்த ஒரு வரியைப் பார்க்க மாட்டார்கள்.

ஏழாவது, காத்திருப்பது. டிஎம்ஏ சிங்க் வெயிட் என்று ஒன்று உண்டு, அது 5 நொடி வரைக்கும் சிபியூவைச் சுழலவிட்டுக் காத்திருக்கும். லோடுமேனுக்குக் கூலி கொடுத்துவிட்டு அவர் பின்னாலேயே நடந்துபோவதற்குச் சமம். வேலை முடிந்ததைச் சொல்லும் கர்னல் வசதியான கம்ப்ளீஷன் ஒன்றை வைத்து, கால்பேக்கில் கம்ப்ளீட் கூப்பிட்டு, இந்தப் பக்கம் வெயிட் ஃபார் கம்ப்ளீஷன் டைம்அவுட்டில் தூங்குவதே முறை. கால்பேக் பெரும்பாலும் டாஸ்க்லெட் என்ற, தூங்க அனுமதியில்லாத சூழலில் ஓடுகிறது. அங்கே மியூடெக்ஸ் பூட்டைப் பிடிக்கக் கூடாது, காத்திருக்கச் சம்மதம் என்று பொருள்படும் ஜிஎஃப்பி கர்னல் ஃபிளாக்கோடு நினைவகம் கேட்கக் கூடாது, தூங்கவே கூடாது.

எட்டாவது அன்மேப், விடுவிப்பு. வழக்கமான பாதையில் சிக்கல் இல்லை. டைம்அவுட் பாதையைத்தான் யாரும் சரியாக எழுதுவதில்லை. நேரம் தாண்டிவிட்டது என்று பஃபரை விடுவித்துத் திரும்பிவிட்டால், டிஎம்ஏ தன் வேலையைத் தொடர்ந்துகொண்டே இருக்கும். அந்த நினைவகத் துண்டு (பேஜ்) இதற்குள் வேறு யாருக்கோ போயிருக்கும், அவர்கள் வீட்டுக்குள் நம் லோடுமேன் மூட்டையை இறக்குவார். சில மணி நேரம் கழித்து, சம்பந்தமே இல்லாத ஃபைல் சிஸ்டம் கோடில் கிராஷ். கம்ப்ளீஷன் ஸ்டேக்கில் இருந்தால் தாமதமாக வரும் கால்பேக் அழிந்த ஸ்டேக்கில் எழுதும். டைம்அவுட் ஆனதும் முதலில் டிஎம்ஏஎஞ்சின் டெர்மினேட் சிங்க், பிறகு அன்மேப், பிறகுதான் விடுவிப்பு. டெர்மினேட் சிங்க் தூங்கும் என்பதால் கால்பேக்குக்குள்ளிருந்து அதைக் கூப்பிடக் கூடாது.

ஏசிங்க் டிஎக்ஸ்: மௌனச் சேவை

இதை எழுதியவர் இன்டெல்லில் இருந்த டான் வில்லியம்ஸ். 2007இல் 2.6.23 கர்னலில் வந்தது. ஏசிங்க் மெம்காப்பியோடு ரெய்டு 5இன் சரிபார்ப்பு டேட்டாவுக்கான எக்ஸார், ரெய்டு 6இன் சரிபார்ப்பு டேட்டாவுக்கான பி, க்யூ கணக்கு எல்லாம் இதில் உண்டு. வடபழனி எடிட் சூட்களில் ரெய்டு 5 போட்ட நாஸ் (நெட்வொர்க் சேமிப்பகம்) பெட்டியில் ஃபுட்டேஜ் எழுதும்போது, பயன்பாட்டிலிருந்து வந்த டேட்டாவை ரெய்டின் தற்காலிக இடமான ஸ்ட்ரைப் கேஷ் பேஜ்களுக்கு நகர்த்துவது ஏசிங்க் மெம்காப்பி ஃபங்ஷன்தான். பழைய சிறிய நாஸ்களில் வரும் மார்வெல் கிர்க்வுட் போன்ற சில்லுகளில் எம்வி எக்ஸார் என்ற டிரைவர் அந்த வேலையை வன்பொருளுக்குக் கொடுக்கும். பலவீனமான சிபியூ, பெரிய டேட்டா, நடுவில் வேறு வேலைகள் என எல்லாப் பொருத்தமும் கூடிய இடம் இது.

மேப்பிங்கை இதுவே பார்த்துக்கொள்கிறது. பேஜ், ஆஃப்செட், நீளம், ஒரு சப்மிட் கன்ட்ரோல் ஸ்ட்ரக்ட் கொடுத்தால் போதும். முந்தைய வேலை முடிந்த பிறகே இது ஓட வேண்டுமென்றால் டிபென்ட் டிஎக்ஸில் அந்த டிஸ்கிரிப்டரை வைக்கலாம். பயன்படுத்த டிஎம்ஏஎஞ்சினைவிட எவ்வளவோ சுகம்.

குறை அதன் மௌனத்தில் இருக்கிறது. சேனல் இல்லையென்றாலும், அலைன்மென்ட் பொருந்தாவிட்டாலும், டிஸ்கிரிப்டர் தீர்ந்தாலும் ஒரு வார்த்தை சொல்லாமல் சிபியூவை வைத்தே மெம்காப்பி செய்துவிட்டு நல் தரும். இங்கே நல் என்றால் பிழை அல்ல, "வேலை அப்போதே முடிந்தது" என்று பொருள். டேட்டா எப்போதும் சரியாகவே இருக்கும், அதனால் யாருக்கும் சந்தேகம் வராது. கான்ஃபிக் ஏசிங்க் டிஎக்ஸ் டிஎம்ஏ என்ற விருப்பம் அணைந்திருந்தால் மொத்தமும் சிபியூதான், எவ்வளவு விலையுயர்ந்த சில்லாக இருந்தாலும் சரி. உண்மையில் வன்பொருள் ஓடுகிறதா என்று பார்க்க, பெரிய ஃபைல் ஒன்றை எழுதிக்கொண்டே ப்ராக் கோப்பகத்தின் இன்டரப்ட்ஸ் ஃபைலில் அந்த டிஎம்ஏ வரியின் எண் ஏறுகிறதா என்று பாருங்கள். ஏறாவிட்டால் நீங்கள் ஏமாந்துகொண்டிருக்கிறீர்கள்.

ஆக் கொடுப்பதும் கவனம் தேவைப்படும் இடம். சங்கிலியின் கடைசி வேலையில் ஏசிங்க் டிஎக்ஸ் ஆக் ஃபிளாக் வைக்காவிட்டால் டிரைவர் அந்த டிஸ்கிரிப்டரைத் திரும்பப் பயன்படுத்த முடியாது. ஒவ்வொன்றாகச் சேர்ந்து தீர்ந்துபோகும், பிறகு மேலே சொன்ன மௌனமான சிபியூ காப்பிதான். "முதல் பத்து நிமிடம் லோடு குறைவு, பிறகு ஏறிவிடுகிறது" என்ற புகாருக்கு இதைத் தேடுங்கள். இன்டரப்ட் சூழலிலிருந்து இந்த ஃபங்ஷன்களைக் கூப்பிடக் கூடாது, கால்பேக்குக்குள்ளிருந்து புது வேலை கொடுக்கவும் கூடாது. வேலை சிபியூவிலேயே ஓடினால் தன்னைத்தானே கூப்பிடும் சுழல், வன்பொருளில் ஓடினால் ஒரே பூட்டை (ஸ்பின்லாக்) இருமுறை பிடித்து முடக்கம். கர்னல் ஆவணம் இவற்றைத் தெளிவாகவே சொல்கிறது. படிக்க அதிகப் பக்கமும் இல்லை.

நாஸ் வைத்திருப்பவர்களுக்கு ஒரு உபரித் தகவல். ரெய்டு 5இல் முழுப் பேஜ் அளவில் எழுதும்போது காப்பியையே தவிர்க்க ஸ்கிப் காப்பி என்ற ஃபைல் எம்டி கோப்பகத்தில் இருக்கிறது. இயல்பில் 0. அதில் 1 எழுதிப் பார்த்துவிட்டு அப்புறம் டிஎம்ஏ பக்கம் வரலாம். ஸ்ட்ரைப் கேஷ் சைஸை 256இலிருந்து 4096க்கு ஏற்றும் பழக்கமும் உண்டு. ஐந்து டிஸ்க், 4 கேபி பேஜ் என்றால் அது 80 எம்பி விழுங்கும். 512 எம்பி உள்ள பெட்டியில் யோசித்துச் செய்யுங்கள்.

ரிச்சி தெரு ஜியானும் புதிய ஜியானும்

ரிச்சி தெருப் பக்கம் கழித்துவிட்ட ஜியான் ஈ5 சர்வர்கள் கைமாறுவதைப் பார்க்கலாம். அவற்றில் ஐஓஏடி என்ற டிஎம்ஏ எஞ்சின் இருக்கிறது, ஒரு சிபியூவுக்கு 8 சேனல். எல்எஸ்பிசிஐ கட்டளை போட்டால் டிஎம்ஏ சேனல் என்று காட்டும், சில தலைமுறைகளில் கிரிஸ்டல் பீச் என்ற பெயரோடு. காட்டாவிட்டால் பயாஸில் அணைத்து வைத்திருப்பார்கள். இரண்டு சாக்கெட் போர்டு என்றால் அந்தந்த சாக்கெட்டின் சேனலை அந்தந்தப் பக்க நினைவகத்துக்கே பயன்படுத்துங்கள், குறுக்கே போனால் லாபம் கரையும். ஐஓஎம்எம்யூ முழுக்க ஓடினால் ஒவ்வொரு மேப்பும் கூடுதல் செலவு. ஐஓஎம்எம்யூ பிடி என்று பூட் வரியில் போட்டால் குறையும். கற்றுக்கொள்ள நல்ல பெட்டி. ஆனால் அந்த கோர்களே பெரிய கேஷை வைத்துக்கொண்டு மெம்காப்பியை வெளுத்து வாங்கும், எல்லைக்கோடு மேலே போய்விடும்.

ஐஓஏடியின் பெயரில் ஒரு பழைய வடுவும் உண்டு. 2006இல் 2.6.18 கர்னலில் நெட் டிஎம்ஏ என்ற வசதியோடு வந்தது. நெட்வொர்க்கில் வந்த டேட்டாவைப் பயனர் பஃபருக்கு டிஎம்ஏ காப்பி செய்துவிடும். டிஎம்ஏ ஓடிக்கொண்டிருக்கும்போதே காப்பி ஆன் ரைட் (பகிர்ந்த பேஜில் எழுதினால் தனிப் பிரதி எடுக்கும் முறை) காரணமாக அந்தப் பேஜ் மாறினால், டேட்டா பழைய பேஜுக்குப் போய்விடும், புரோகிராமுக்கு வராது. 2013 இறுதியில் அது உடைந்தது என்று குறிக்கப்பட்டு, பின்னர் நீக்கப்பட்டது. பயனர் பேஜ்களைப் பிடித்துவைத்து டிஎம்ஏ செய்யும் சொந்த டிரைவர் எழுதுபவர்கள் இந்தக் காரணத்தை ஒருமுறை நிதானமாகப் படித்துவிட்டு எழுதுவது நல்லது.

2023 ஜனவரியில் வந்த சஃபையர் ராபிட்ஸ் ஜியானிலிருந்து ஐஓஏடியின் இடத்தில் டிஎஸ்ஏ. அதற்கான ஐடிஎக்ஸ்டி டிரைவர் 2020இலேயே 5.6 கர்னலில் சேர்ந்துவிட்டது. சிபியூவின் கேஷோடு ஒத்துப்போகும் (கேஷ் கோஹரென்ட்), புரோகிராம் காணும் வர்ச்சுவல் முகவரியிலேயே வேலை செய்யும், மேப் தேவையில்லை. 64 பைட் டிஸ்கிரிப்டரை ஒரே இன்ஸ்ட்ரக்‌ஷனில் வரிசையில் போட்டுவிட்டு, 32 பைட் கம்ப்ளீஷன் ரெக்கார்டில் ஸ்டேட்டஸ் பைட்டைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். மூன்று வாசல்களில் கூலி குறைவான வாசல் இது, சந்தேகமில்லை.

அமைப்பதுதான் சள்ளை. பூட் வரியில் இன்டெல் ஐஓஎம்எம்யூ ஆன் என்பதோடு எஸ்எம் ஆன் வேண்டும், இல்லையென்றால் எந்தப் புரோகிராம் என்று அடையாளம் காட்டும் பாசிட் எண் இல்லை, பலர் பகிரும் ஷேர்டு வரிசையும் இல்லை. ஆக்செல் கான்ஃபிக் கருவியில் வேலை வரிசையான வொர்க் க்யூவுக்கு குரூப் எண், மோடு, அளவு, டைப், பெயர் எல்லாம் கொடுக்க வேண்டும். குரூப்பில் ஒரு எஞ்சினையும் சேர்க்க வேண்டும், இதை மறந்தால் எனேபிள் ஆகாது. ஷேர்டு மோடு என்றால் த்ரெஷோல்டும் தேவை. கர்னலே பயன்படுத்த வேண்டுமென்றால் டைப் கர்னல், டிரைவர் பெயர் டிஎம்ஏஎஞ்சின்.

ஒருவருக்கே ஒதுக்கிய டெடிகேட்டட் வரிசையில் மூவ்டிர்64பி மூலம் டிஸ்கிரிப்டர் போடும்போது, வரிசை நிரம்பியிருந்தால் அந்த இன்ஸ்ட்ரக்‌ஷன் எதுவும் சொல்லாது. டிஸ்கிரிப்டர் தொலைந்துபோகும். எத்தனை போட்டோம், எத்தனை முடிந்தன என்று நீங்களே எண்ண வேண்டும். ஷேர்டு வரிசையின் என்க்யூசிஎம்டி நிரம்பினால் ஜீரோ ஃபிளாக்கில் சொல்லிவிடும், மறுபடி போடலாம். கம்ப்ளீஷன் ரெக்கார்டை அனுப்புவதற்கு முன் பூஜ்யமாக்காவிட்டால் பழைய வெற்றியையே புதிய வெற்றியாகப் படிப்பீர்கள். பிளாக் ஆன் ஃபால்ட் (இல்லாத பேஜ் வந்துசேரும்வரை காத்திருக்கும் விருப்பம்) இல்லாமல் ஓட்டினால், நடுவில் நினைவகத்தில் இல்லாத பேஜ் வந்ததும் ஸ்டேட்டஸ் 3 என்று நின்றுவிடும். எத்தனை பைட் முடிந்தது என்பது ரெக்கார்டிலேயே இருக்கும். அந்தப் பேஜை ஒருமுறை தொட்டுவிட்டு மிச்சத்துக்கு மறுபடி டிஸ்கிரிப்டர் போடும் கோடு கட்டாயம் வேண்டும். ஸ்டேட்டஸ் 1ஐ மட்டும் எதிர்பார்த்துச் சுழலும் மாதிரிக் கோடு டெமோவில் அழகாக ஓடும், கஸ்டமர் இடத்தில் தொங்கும்.

பல பேர் பகிரும் சர்வரில் இதை வைக்க நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சஃபையர் ராபிட்ஸில் இந்த வரிசைகளை நம்பகமற்ற புரோகிராம் நேரடியாகத் தொடுவதில் வன்பொருள் குறை இருப்பது 2024 மே மாதம் வெளியானது. அதற்கான கர்னல் திருத்தம் வந்தபின், அந்த டிவைஸைப் புரோகிராமின் முகவரிக்குள் கொண்டுவர (எம்மேப்) கேப் சிஸ் ராஐஓ என்ற உயர் அனுமதி வேண்டும். அது இல்லாதவர்களுக்கு ரைட் சிஸ்டம் கால் வழியாக டிஸ்கிரிப்டரைக் கொடுக்கும் பாதை சேர்க்கப்பட்டிருக்கிறது. அதில் ஒவ்வொரு முறையும் கர்னலுக்குள் போய்த் திரும்ப வேண்டும். சின்ன காப்பிகளுக்கு டிஎஸ்ஏ தந்த சௌகரியத்தில் பாதி அங்கேயே கழிந்துவிடும், எல்லைக்கோட்டை மறுபடி அளக்க வேண்டியிருக்கும்.